மகிழ்ச்சிக் குழுவும் ஒரு பூசணிக்காயும்

நான் அனுமதி வாரியத்தில் எழுத்தர். எங்கள் வாரியம் எதையும் கட்டாது, நடாது, பழுது பார்க்காது. வேறு யாராவது அப்படி எதையாவது செய்ய நினைத்தால், செய்யலாமா கூடாதா என்று யோசிக்கும். யோசிப்பதற்கென்றே ஐந்து மாடிக் கட்டடம் கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் கூட உண்டு. அதை ஓட்டுவதற்கான அனுமதி ஐந்தாம் மாடியில் தயாராக இருக்கிறது. லிஃப்ட் ஓடாததால் அவ்வளவு மாடி ஏறிப் போய் அதை வாங்கிவர இதுவரை யாருக்கும் மூச்சு வரவில்லை.

என்னுடையது மரப் பிரிவு. வீட்டு வாசலில் மரம் சாய்ந்து நிற்கிறது, வெட்டிக்கொள்ளட்டுமா என்று ஒருவர் மனு கொடுப்பார். மரத்தின் வயது என்ன என்று கேட்போம். எழுதித் தருவார். அதற்குச் சான்று கேட்போம். நாங்கள் கேட்பதும் அவர் தருவதுமாக இருக்கும்போதே, ஒரு மழை நாளில் மரம் பொறுமையிழந்து தானே விழுந்துவிடும். எங்கள் வேலை அப்போதுதான் சூடு பிடிக்கும். அனுமதியில்லாமல் மரம் எப்படி விழுந்தது என்று விளக்கம் கேட்டு அந்த மனிதருக்குக் கடிதம் போகும்.

இப்படியொரு வேலையில் இருக்கிறவனுக்கு வீடாவது வீடாக இருக்க வேண்டும். எனக்கு வீடு இருந்தது, மனைவி இருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்து இருந்ததுதான் இல்லை. அவள் மருத்துவமனையில் இரவு நேர நர்ஸ். நான் இறங்கிப் போகும்போது அவள் ஏறி வருவாள். அவள் இறங்கிப் போகும்போது நான் ஏறி வருவேன். எனக்கு விடுமுறை என்றால் அவளுக்கு இருக்காது, பகலெல்லாம் தூங்குவாள். எங்கள் குடும்ப வாழ்க்கை மொத்தமும் மாடிப்படியில்தான் நடந்துகொண்டிருந்தது.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"கேஸ் தீர்ந்துபோச்சு."

மாடிப்படி அதற்குமேல் தாங்காது. பின்னால் யாராவது காய்கறிப் பையோடு வந்து நின்றுகொண்டு, வழிவிடச் சொல்லிக் கனைப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வார்டில் கால் முறிந்து படுத்திருந்த ஒரு பெண் அவளுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக் கொடுத்தாள். போனில் ஆடுவது. சுடுவது, குத்துவது, காரை ஓட்டி இடிப்பது எதுவும் அதில் இல்லை. ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே கல்லும் புதருமாக ஒரு நிலம். அது உங்களுடையது. கல்லைப் பொறுக்கிப் போட்டு, மண்ணைக் கொத்தி, விதைத்து, தண்ணீர் ஊற்ற வேண்டும். மாடு வைத்துக்கொள்ளலாம், கோழி வைத்துக்கொள்ளலாம், ஆற்றில் மீன் பிடிக்கலாம். ஊரில் கடைக்கார அம்மா, தச்சர், பெரிய மீசையோடு ஊர்த் தலைவர் என்று நாலு பேர் நடமாடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பண்ணையை நடத்தலாம். அங்கே ஒரு நாள் என்பது இங்கேயும் ஒரு நாள்.

"நாள் பூரா ஆபீஸ்ல குப்பை கொட்டிட்டு வந்து, போன்ல போய்க் களை பிடுங்கணுமா?" என்று படியில் வைத்துக் கேட்டேன்.

"பிடுங்கித்தான் பாருங்களேன்" என்றாள். நிலத்தையும் என் பெயரிலேயே போட்டிருந்தாள். நான்தான் அரசாங்க ஆளாம்.

அன்று மாலை சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு களையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து, தொடங்கிய அன்றே நான் முடித்த முதல் காரியம் அதுதான். அடுத்து ஒரு மரத்தின் அருகே போனேன். கோடரியை ஓங்குவதற்கு முன் கை தானாக அனுமதிச் சீட்டைத் தேடியது. நாலு வெட்டில் மரம் சாய்ந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஊர்த் தலைவர் எதிரே வந்துகொண்டிருந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "இன்னிக்கு வெயில் இதமா இருக்கு, இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தன் வழியே போனார். அவ்வளவுதான். மரத்தின் வயதை அவர் கேட்கவேயில்லை.

அந்த ஊரின் ரகசியம் எனக்கு அன்றே புரிந்துவிட்டது. அங்கே விதை போட்டால் முளைக்கிறது. மீன் கொடுத்தால், வாங்கியவர் தலைக்கு மேல் ஒரு சின்ன இதயம் தோன்றி, அவருக்கு உங்களைப் பிடித்துவிடுகிறது. நாளைக்கு வா என்று யாரும் சொல்வதில்லை. இவ்வளவுதான் விஷயம், ஆனால் இந்த இவ்வளவுக்காகத்தான் ஊர் உலகமெல்லாம் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு முள்ளங்கி போடுகிறது.

எங்கள் இருவருக்கும் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பண்ணை வீட்டு வாசலில் ஒரு மரப்பெட்டியும் ஒரு எழுதும் பலகையும் உண்டு. அவள் காலையில் வேலை முடிந்து வந்ததும் பண்ணைக்குள் போய்ப் பெட்டியில் எனக்கு ஒரு மீன் வைப்பாள். நான் மாலையில் போய் அதை எடுத்துக்கொண்டு அவளுக்கு நாலு கேரட் வைப்பேன். பலகையில் அவள் எழுதுவாள்: 'கேஸ் வந்துடுச்சு. மழை பெஞ்சா ஆத்துல பெரிய மீன் வருது, போய்ப் பாருங்க.' நான் எழுதுவேன்: 'கரண்ட் பில் கட்டியாச்சு. மாட்டைத் தடவிட்டேன்.' வீடும் பண்ணையும் ஒன்றாகக் கலந்துபோய், எது எதில் நடந்தது என்று எங்களுக்கே சில சமயம் தெரியாது.

ஒரு நாள் இப்படி எழுதியிருந்தாள்: 'இன்னிக்கு வார்டுல ஒருத்தர் போயிட்டார். சின்ன வயசு. கோழிக்கூடு பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னேன்.' படித்துவிட்டு நானும் போய்க் கோழிக்கூட்டுப் பக்கத்தில் நின்றேன். அவள் எந்தப் பக்கம் நின்றாள் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை.

பிறகு அவள் பூசணி போட்டாள். சதுரமாக நெருக்கிப் போட்டு ஒன்றையும் விடாமல் வளர்த்தால், அதிர்ஷ்டமிருந்தால் எல்லாக் காய்களும் சேர்ந்து குடிசை அளவுக்கு ஒரே காயாக மாறுமாம். 'அதை ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து வெட்டணும்' என்று பலகையில் எழுதியிருந்தாள். ஒன்றாக இருப்பது எப்போது என்று எழுதவில்லை.

இந்த நிலையில்தான் வாரியத்துக்கு மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. ஊழியர் மகிழ்ச்சிக் கணக்கெடுப்பில் எங்கள் வாரியம் கடைசி. சுடுகாட்டுப் பராமரிப்பு வாரியம்கூட எங்களுக்குப் பல படி மேலே இருந்தது. உடனடியாக மகிழ்ச்சியை உயர்த்தி அறிக்கை அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இயக்குநர் கட்டடம் முழுக்கச் சுற்றிவந்தார். மதிய இடைவேளையில் நான் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் போனை வைத்து, அவள் காலையில் எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணும் பண்ணாம சிரிக்க முடியாது. நான் முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன்" என்றார்.

போனைக் காட்டினேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முள்ளங்கி, மாடு, கோழி எல்லாவற்றையும் நுணுக்கமாகப் பார்த்தார். பிறகு கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். எங்கள் கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் மூணு நகல் என்று பெயர். எதை நீட்டினாலும் அதற்கு மூன்று நகல் கேட்பார். அவருடைய குழந்தைக்குப் பெயர் வைத்தபோதும் கேட்டதாகச் சொல்வார்கள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அன்று சாயங்காலமே மகிழ்ச்சிக் குழு அமைந்துவிட்டது. வாரியத்தின் வரலாற்றில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. தினமும் மதியம் மூன்று மணிக்கு எல்லா ஊழியர்களும் அந்த விளையாட்டை ஆட வேண்டும். புதிதாகத் தொடங்கியவர்களிடம் வெறும் கல்லும் புதரும்தான் இருந்ததால், என் பண்ணையை மாதிரிப் பண்ணை என்று அறிவித்தார்கள். எல்லோரும் உள்ளே வந்துபோகும்படி நான் என் பண்ணையின் வாசலைத் திறந்துவிட வேண்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. திறந்துவிட்டேன்.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, மகிழ்ச்சி என்பது மிகப் பெரிய பொறுப்பு. அதைத் தனிநபர்கள் கையில் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நாம் பார்த்திருக்கிறோம். ஒருவர் காரணமே இல்லாமல் மகிழ்வார். இன்னொருவர் தன் மேலதிகாரியைவிட அதிகமாக மகிழ்வார். இதனால் நிர்வாகம் என்ன ஆவது? இனிமேல் இந்தக் கட்டடத்தில் யாரும் தானாக மகிழ வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சுமையை வாரியமே ஏற்றுக்கொள்கிறது."

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

முதல் நாள் மூன்று மணிக்கு என் பண்ணைக்குள் ஐந்து மாடி ஊழியர்களும் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு மண்வெட்டியோடு வரப்பில் நின்றார்கள். யாரும் கொத்தவில்லை. எப்போது கொத்துவது என்று யாரும் சொல்லவில்லையே. கொஞ்ச நேரத்தில் வரிசை உண்டாகிவிட்டது. அந்த விளையாட்டில் வரிசை என்ற ஏற்பாடே கிடையாது. எங்கள் ஆட்கள் சொந்த முயற்சியில் உண்டாக்கினார்கள். வரிசை கோழிக்கூட்டைச் சுற்றி ஆற்றங்கரை வரை போயிற்று. கோழிகள் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இருந்தன.

அடுத்த வாரம் விதைப்பு அனுமதி, நீர்ப்பாய்ச்சல் அனுமதி, அறுவடைத் தடையின்மைச் சான்று மூன்றும் நடைமுறைக்கு வந்தன. தண்ணீருக்கான மனு மேலே போய்த் திரும்பி வருவதற்குள் என் கேரட்டில் பாதி காய்ந்தது. ஒரு நாள் அங்கே தானாக மழை பெய்துவிட்டது. மூணு நகலுக்கு முகம் வெளுத்துவிட்டது. முழு நிலமும் ஒரே நேரத்தில், யாரையும் கேட்காமல், நனைந்துவிட்டதே. அவசரக் கூட்டம் போட்டு, மழைக்கு முன்தேதியிட்டு அனுமதி கொடுத்துச் சமாளித்தார்கள்.

இயக்குநர் ஊருக்குள் போன நாளில் இன்னொரு சிக்கல். கடைக்கார அம்மா அவரைப் பார்த்து, "வாப்பா, வந்து ரொம்ப நாளாச்சே" என்று சொல்லிவிட்டாள். அவருக்குப் பின்னால் வந்த அலுவலக உதவியாளரைப் பார்த்தும் அதையேதான் சொன்னாள். இயக்குநர் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் மூணு நகல் கடைக்குள் போய், அந்த அம்மாவின் முன்னால் நின்று, வாரியத்தின் பதவி வரிசையை மேலிருந்து கீழ் வரை வாசித்துக் காட்டினார். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முள்ளங்கி விதை வேணுமா?" என்றாள் அவள்.

இதையெல்லாம் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது உண்மை. அது என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

ஒரு நாள் லஞ்சத் தடுப்பு அதிகாரி என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். ஒல்லியான மனிதர். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால்கூட அதைத் தொடாமல் ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஊர்த் தலைவருக்கு நீங்க மீன் குடுத்திருக்கீங்க" என்றார்.

"ஆமா சார்."

"குடுத்ததும் அவர் தலைக்கு மேல ஒரு இதயம் வந்திருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அவருக்கு மீன் பிடிக்கும் சார்."

"வாங்குற எல்லாருக்குமே பிடிக்கத்தான் செய்யும். சரி, அதை விடுங்க. தினமும் காலையில உங்க பெட்டியில ஒரு மீன் வந்து உக்காருது. வைக்கிறது யாரு?"

"என் மனைவி சார்."

"எதுக்காக வைக்கிறாங்க?"

"மனைவி சார்" என்று மறுபடியும் சொன்னேன்.

"பதிலுக்கு நீங்க கேரட் வைக்கிறீங்க. ஆக, குடுத்து வாங்குறது நடந்துட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

அன்று மாலை படியில் அவள் என்னை நிறுத்தினாள். "என்னங்க, பலகையில பால் வாங்கணும்னு எழுதியிருந்தேன். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, பாலின் அளவைக் குறிப்பிடவும்'னு யாரோ கீழ எழுதியிருக்காங்க. யாரு அது?"

"ஆபீஸ் ஆளுங்கம்மா. கொஞ்ச நாள்தான். போயிடுவாங்க."

"அரை லிட்டர்னு எழுதிட்டேன்" என்றாள். பின்னால் யாரோ கனைத்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் காலையில், பலகை இப்போது ஊர்ப் பொதுவாகிவிட்டது என்று மறந்து, அவள் பழைய பழக்கத்தில் எழுதிவிட்டாள்: 'காலெல்லாம் வலிக்குது. இன்னிக்கு உங்ககூட இருக்கணும்போல இருந்துச்சு.' நான் பார்ப்பதற்கு முன்னால் குழு பார்த்துவிட்டது. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மூணு நகல் அதை எழுந்து நின்று சத்தமாக வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும். 'இருக்கணும்போல இருந்துச்சு' என்பது கோரிக்கையா, தகவலா என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். கோரிக்கை என்றால் எந்தப் பிரிவு கவனிப்பது என்று ஒருவர் கேட்டார். காலைப் பொறுத்தவரை மருத்துவச் சான்று வாங்கிவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை எழுந்து போய்ப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பலகையில் அவளுடைய வரிக்குக் கீழே, சான்று இணைக்கவும் என்று பதில் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. பெட்டியில் மீனும் வரவில்லை. படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டாள். நான் என்ன சொன்னாலும் சரி என்றாள். ஏதோ ஒன்று தவறிப்போகிறது, அதைப் பிடிக்க எனக்குக் கை போதவில்லை என்று பயமாக இருந்தது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. தினமும் மாலையில் போய்ப் பார்த்தால், மற்ற பாத்தியெல்லாம் வெடித்துக் கிடக்க, பூசணிப் பாத்தி மட்டும் ஈரமாக இருந்தது. காலையில் வந்து யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். நான் அந்த ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுதான் அப்போது எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு.

அந்த ஈரத்தையும் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த அதே நாளில் பூசணிகள் எல்லாம் சேர்ந்து ஒரே காயாகவும் ஆகிவிட்டன. குடிசை அளவு என்று அவள் சொன்னது சரிதான். இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாரியத்தோட முதல் சாதனை. மேலிடத்துல இருந்து ஆணையரே நேர்ல வர்றார். பெரிய திரை போட்டு, எல்லார் முன்னாடியும் அவர் கையால அறுவடை. மகிழ்ச்சி எப்படி ஏறுது பாருங்க."

"அது என் மனைவி போட்ட பூசணி சார்."

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று குரலைத் தணித்தார். "அனுமதி இல்லாம தண்ணி ஊத்தியிருக்காங்க. வாரிய ஊழியரும் இல்ல. விழாவுக்கு முன்னாடி அவங்க பேரைப் பண்ணையில இருந்து எடுத்துடுங்க. நாங்க ஒண்ணும் இரக்கம் இல்லாதவங்க இல்ல. செவ்வாய்க்கிழமை பகல் பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அவங்க பார்வையாளரா வந்து போகலாம். அனுமதிச் சீட்டுக்கு நானே சொல்லிடறேன்."

"அந்த நேரத்துல அவ தூங்குவா சார். ராத்திரியெல்லாம் வேலை."

"தூக்கத்துக்கு நம்ம வாரியத்துல பிரிவு இல்லையே" என்றார் அவர், உண்மையிலேயே உதவ முடியாத வருத்தத்தோடு.

பெயரை எடுப்பது பண்ணை யார் பெயரில் இருக்கிறதோ அவரால்தான் முடியும். விழா நாள் வரை தள்ளிப்போட்டேன். காலையில் படியில் அவளைப் பார்த்தபோது விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அவ்வளவு களைப்பாக இருந்தாள். "போய்ப் படும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவந்தேன்.

கூட்ட அரங்கில் திரை கட்டியிருந்தார்கள். திரையில் என் பண்ணை. அதற்குள் அத்தனை ஊழியர்களும் பதவி வரிசைப்படி பூசணியைச் சுற்றி நின்றார்கள். மேடையில் ஆணையர் கையில் போனை வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அருகில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் போனை எடுத்தேன். பண்ணையின் அமைப்புப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அதன் எதிரே 'நீக்கு'. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'வாசலைச் சாத்து. பண்ணையாளர் தவிர எவரும் உள்ளே வர முடியாது.' இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. அப்படியொன்றைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்கு யாரும் அனுமதி தரவில்லையே.

கீழே உள்ளதை அழுத்தினேன்.

திரையில் முதலில் இயக்குநர் மறைந்தார். அப்புறம் மூணு நகல், அப்புறம் லஞ்சத் தடுப்பு அதிகாரி என்று பதவி வரிசையிலேயே ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் பூசணி மட்டும் நின்றது. கூட்டிலிருந்து ஒரு கோழி வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு திரையும் இருண்டுவிட்டது. எல்லாம் முடிந்ததென்று நினைத்து ஆணையர் கைதட்டினார். மற்றவர்கள் தட்டவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் இயக்குநர்.

"வாசலைச் சாத்திட்டேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல சார்."

மூணு நகல் குறுக்கே வந்தார். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. "அனுமதி கேட்டு, கிடைக்கலையா?"

"இல்ல. கேக்கவே இல்ல."

அந்த வாக்கியத்தை அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை சொல்லிக் கேட்டதில்லை. மூணு நகல் மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்குத் தண்டனை கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பிரிவு கொடுப்பது என்பதில்தான் இழுபறி. அனுமதி கேட்டு, கிடைக்காமல், மீறிச் செய்தவர்களுக்கு விதி இருக்கிறது. கேட்காமலேயே செய்தவனுக்கு இல்லை. அதை முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். அது முடிவு செய்யும் வரை நான் அலுவலகத்துக்கு வரக்கூடாது, எந்த வேலையும் செய்யக்கூடாது, சம்பளம் வழக்கம்போல வரும். எங்கள் வாரியத்தில் வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவது புதிதல்ல. வீட்டில் இருந்து வாங்குவதுதான் புதிது.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து வந்து, பகலில் வீட்டுக்குள் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நான்தாம்மா."

கரண்டியைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எதிரே உட்கார்ந்தாள். எங்களுக்குப் பேச வரவில்லை. அத்தனை நாள் துண்டு துண்டாகவே பேசிப் பழகியதில், நேரம் முழுசாகக் கிடைத்ததும் இரண்டு பேருக்கும் வாய் அடைத்துவிட்டது.

"பால் வாங்கிட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். இயக்குநர் மறைந்ததைச் சொன்னேன். பதவி வரிசையிலேயே போனார்கள் என்றேன். ஆணையர் கைதட்டியதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அது சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று பார்த்தேன். முழுக்க அப்படி இல்லை.

"எழுதினதை எல்லார் முன்னாடியும் படிச்சாங்களாமே" என்றாள். "சான்று இணைக்கவும்னு போட்டதுக்குக் கீழயே, கூட்டத்துல வாசிக்கப்பட்டதுன்னு தகவலுக்காக எழுதிவச்சிருந்தாங்க."

"தெரியும். நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல."

"இன்னிக்குச் சொல்லிட்டீங்களே" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு கோடரியை ஓங்கி, அந்தப் பூசணியை வெட்டினோம். உள்ளே ஒன்றும் விசேஷமில்லை, பூசணிதான்.

குழு முடிவு செய்யவில்லை. இப்போதும் செய்துகொண்டிருக்கிறது. நான் காலையில் அவள் வரும்போது கதவைத் திறந்துவிடுகிறேன். அவள் தூங்கி எழுந்ததும் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். பேச்சு பழைய மாதிரி வந்துவிட்டது. சில நாள் சண்டைகூடப் போட முடிகிறது. மாத முடிவில் மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு என் போனுக்கும் வந்தது. சம்பளப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதே. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போடச் சொன்னார்கள். மனசாட்சிப்படி ஐந்து போட்டேன். இயக்குநர் மூன்று போட்டிருந்தாராம். மற்றவர்கள் மரியாதை கருதி இரண்டு போட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, நாங்கள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது கதவைத் தட்டினார்கள். மூணு நகலின் குரல்.

"வாரியத்துல இருந்து வர்றோம். நானும் லஞ்சத் தடுப்பு அதிகாரியும். உங்க மகிழ்ச்சி வரம்பு மீறி இருக்கறதா தெரியுது. நேர்ல பார்த்து அளந்துட்டுப் போகச் சொல்லி உத்தரவு. உள்ள வரலாமா?"

பழக்கதோஷத்தில் நான் எழுந்துவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். தானே போய்க் கதவருகே நின்றாள். திறக்கவில்லை. வார்டில் மட்டும் பயன்படுத்துகிற ஒரு குரல் அவளிடம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சு" என்றாள்.

மூணு நகல், முன்பைவிடப் பணிவாக, "மறுபடி எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

"இங்க பார்வையாளரை அனுமதிக்கறதில்ல."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் மூணு நகல். ஒரு விதி கிடைத்துவிட்டதில் அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் அவரிடம் இதற்குமுன் கேட்டதில்லை. "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் செருப்புச் சத்தம்கூட அதிகம் வராமல் இறங்கிப் போனார்கள்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல மனுஷங்களாத்தான் இருக்காங்க" என்றாள். "வேண்டாம்னு சொன்னா கேட்டுக்கறாங்க. நீங்கதான் இத்தனை நாளா சொல்லவே இல்ல."